கொழிஞ்சாம்பாறையிலிருந்து மூணாறுக்குப் போன ஃபேமிலி போர்டு

மலைப்பாதையில் ஓட்டல் வைத்திருக்கும் எல்லோரிடமும் எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் போர்டில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறீர்களே ‘ஃபேமிலி’, அது யார்? அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், ஒரு கார், அவ்வளவுதானா? ஐம்பத்து நான்கு வயதில் தனியாகப் பஸ்ஸில் வந்து இறங்கும் பொம்பளை எந்தக் கணக்கில் வருவாள்? இதை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்க வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதினால் நானும் மாட்டிக்கொள்வேன். பரவாயில்லை, எழுதுகிறேன்.

எங்களுக்குக் கேரள எல்லையோரம் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியில் பாத்திரக்கடை. என் தங்கை மகள் சபீனாவும் அவள் கணவன் ரியாஸும் மூணாறுக்கு வெளியே, எஸ்டேட் ரோட்டில் ஒரு சாப்பாட்டுக் கடை நடத்துகிறார்கள். ஆறு மேசை, தகரக் கூரை, பின்னால் குடியிருக்க ஒரே அறை. மழை பிடித்ததிலிருந்து வியாபாரம் படுத்துவிட்டது. துபாயில் இருக்கும் ரியாஸின் மச்சான் விசாவுக்கு ஏற்பாடு செய்துவிட்டான். ஓணம் வரைக்கும் பார்ப்பது, கடை தலைதூக்கவில்லை என்றால் பூட்டிவிட்டு விமானம் ஏறுவது என்று ரியாஸ் முடிவு கட்டியிருந்தான். சபீனா போனில் அழவில்லை. இவர் போய்விட்டால் கைக்குழந்தையோடு அந்த மலையில் நான் என்ன செய்வேன் பெரியம்மா என்று மெதுவாகக் கேட்டாள். அழுதிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

என்னால் கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாது, அது என் சுபாவம். கடையிலிருந்து ஒரு பிரியாணி அண்டாவை எடுத்து வைத்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கத்துப் பெயின்டரிடம் தமிழிலும் மலையாளத்திலும் ஒரு தகரப் பலகை எழுதச் சொன்னேன். ஃபேமிலி ரெஸ்டாரன்ட். குடும்பத்தோடு வந்து சாப்பிடலாம். வீட்டுச் சுவை. கீழே கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. அதில் ‘வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு வரக் கூடாது’ என்று போடட்டுமா என்று பெயின்டர் கேட்டார். எல்லாரும் போடுகிறார்கள், அது இருந்தால்தான் பெரிய ஓட்டல் மாதிரி இருக்கும் என்றார். போடுங்க என்றேன்.

அந்த ‘ஃபேமிலி’ என்ற சொல்லின் மேல் எனக்கு இருந்த மரியாதைக்குக் காரணம் உண்டு. எங்கள் ஊரில், எங்கள் வீடுகளில், பொம்பளைகள் ஓட்டலுக்குள் கால் வைத்ததில்லை. ஆண்கள் உள்ளே உட்கார்ந்து சுடச்சுடச் சாப்பிடுவார்கள். எங்களுக்கு ஆறிப்போன பொட்டலம் வீட்டுக்கு வரும். கடைவீதியில் ஒரு பிரியாணிக்கடைக்காரர் திரை போட்டு, மின்விசிறி மாட்டி, ஃபேமிலி என்று எழுதி வைத்த பிறகுதான் நானும் என் தங்கையும் முதல் முறையாக வெளியே உட்கார்ந்து ஆவி பறக்கச் சாப்பிட்டோம். எனக்கு அப்போது நாற்பது வயது. தட்டில் உப்பு கொஞ்சம் தூக்கலாக இருந்தது. அதைக்கூடச் சொல்லாமல் சாப்பிட்டேன்.

முதல் நாள். எங்கள் மாவட்டத்திலிருந்து மூணாறு இருக்கும் இடுக்கிக்குச் சீக்கிரம் போக வேண்டுமென்றால், கேரளாவை விட்டு வெளியே போய், பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை என்று சுற்றி, மறுபடி கேரளாவுக்குள் நுழைய வேண்டும். ஒரே மாநிலத்துக்குள் போகிறவளுக்கு இரண்டு செக்போஸ்ட். அண்டாவோடு பஸ் ஏறினால் எல்லோருக்கும் நான் கல்யாண வீட்டுக்காரி. உடுமலையில் மாறி ஏறிய மூணாறு பஸ்ஸில் கண்டக்டர் சிரித்த முகமாக, “ஏனுங்கம்மா, யாரூட்டுக் கண்ணாலமுங்க?” என்றார். கல்யாணமெல்லாம் இல்லை என்றதும் முகம் மாறிவிட்டது. கல்யாண அண்டா என்றால் பேசாமல் ஏற்றிக்கொள்வாராம், கடைச் சாமான் என்றால் லக்கேஜ் டிக்கெட் எடுக்க வேண்டுமாம். இது எந்த ஊர்ச் சட்டம் என்று கேட்டேன். பின்சீட்டுக்காரர்கள் என் பக்கம் பேசினார்கள். கடைசியில் டிக்கெட்டும் எடுத்தேன், அண்டாவையும் கடைசி வரிசையில் நானே பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். கொண்டை ஊசி வளைவில் மூடி கழன்று உருண்டு டிரைவர் சீட் வரைக்கும் போய்விட்டது. பழைய சேலையில் சுற்றிய போர்டு என் முழங்காலை அறுத்துக்கொண்டே வந்தது.

மறையூர் தாண்டியதும் பஸ் நின்றுவிட்டது. இஞ்சினில் புகை. வேறு பஸ் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. எதிரே கண்ணாடி போட்ட ஒரு பெரிய ஓட்டல், வாசலில் பத்துப் பன்னிரண்டு கார். போர்டில் ஃபேமிலி, ஹோம்லி, நாடன், மூன்றும் இருந்தது. வீட்டு மாதிரி என்று மூன்று தடவை சொல்கிற இடத்தில் பசியோடு வந்தவளுக்கு என்ன குறை வரப்போகிறது என்று அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வாசலிலேயே காவலாளி மறித்தார். வெளிச் சாப்பாடு உள்ளே கொண்டு போகக் கூடாது என்று மலையாளத்தில் சொன்னார். மூடியைத் திறந்து காட்டினேன். காலி அண்டாவுக்குள் அவர் எட்டிப் பார்த்தார், நம்பாமல் ஒரு தடவை தட்டியும் பார்த்தார். உள்ளே போனால் பரிமாறுகிறவர் எத்தனை பேர் என்றார். ஒருத்தி என்றேன். குடும்பம் பின்னால் வருகிறதா என்றார். வரவில்லை. அப்படியென்றால் நான்கு பேர் மேசையைத் தர முடியாது, அது ஃபேமிலிக்கு, நீங்கள் அங்கே போங்கள் என்று கை கழுவும் இடத்துக்குப் பக்கத்தில் சுவரோடு ஒட்டியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். அந்த ஃபேமிலி மேசைகளில் இரண்டு காலியாகக் கிடந்தன. அந்தச் சுவர்ப் பலகைக்கு முன்னால் நாற்காலி கூட இல்லை, நின்றுகொண்டு சாப்பிட வேண்டும்.

எனக்குக் கோபம் வந்தால் முதலில் காது சூடாகும். பேரன் பேத்தி எடுத்தவள், வீட்டில் பதினோரு பேருக்குச் சோறு போடுகிறவள், நான் குடும்பம் இல்லையா? ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து காட்ட வேண்டுமா? தமிழில் கேட்டேன், பிறகு மலையாளத்திலும் கேட்டேன். அவர் பாவம், சொன்னதைச் செய்கிறவர், தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பக்கத்து மேசையில் ஒரு அம்மா தன் மகளிடம், அந்த ஆன்ட்டி ஏன் சத்தம் போடுகிறார், சாப்பிடு என்றாள். நான் சாப்பிடாமல் வெளியே வந்து, பெட்டிக்கடையில் இரண்டு பழம்பொரியும் பால் இல்லாத கட்டன் சாயாவும் வாங்கி, அண்டா மூடியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்து சாப்பிட்டேன். பழம்பொரி நன்றாக இருந்தது. போர்டு இல்லாத கடை.

இத்தனைக்கும் என் மடியில் பழைய சேலைக்குள் சுற்றியிருந்த பலகையில் அதே வாசகம் எழுதியிருந்தது. அது எனக்கு அப்போது உறைக்கவே இல்லை. இதை இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது.

இருட்டும் முன்பே சபீனா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தேன். மீன் குழம்பு வைத்திருந்தாள். அவள் கைப்பக்குவத்தைப் பற்றி நான் சொன்னால் பெரியம்மா பெருமை பேசுகிறாள் என்பார்கள். ஆனால் குழம்பைச் சோற்றில் ஊற்றியதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். அதற்கு மேல் சாட்சி வேண்டாம். எங்கள் வீடுகளில் ‘உப்பு காரம் சரியா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் அதுதான் பெரிய பாராட்டு, அதைச் சொன்னேன். இப்படி ஒரு குழம்பு வைத்துக்கொண்டு இந்தப் பிள்ளைகள் கடையை மூடுவதா என்று நினைத்துக்கொண்டேன்.

இரண்டாம் நாள் காலையிலேயே ரியாஸை ஏணி போடச் சொல்லிப் போர்டை மாட்டினேன். மதியம் யாரெல்லாம் வருவார்கள் என்று கேட்டேன். எதிரே தேயிலைக் கொழுந்து நிறுக்கும் கொட்டகை இருக்கிறது. பறித்த கொழுந்தை அங்கே எடை போட வரும் பெண்கள் ஆறு பேர் தினமும் வருவார்களாம். விடிகாலையில் ஆக்கிய சோற்றைத் தூக்குவாளியில் கொண்டு வந்து, சபீனாவிடம் குழம்பு மட்டும் வாங்கி, ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். இரண்டு வருஷமாக இப்படித்தானாம். இடுப்பில் நனைந்த பிளாஸ்டிக் தாள், காலில் சேறு, ஆறு பேரும் சேர்ந்தால் நல்ல சத்தம். போன வாரம் காரில் வந்த ஒருவர் வாசலில் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு, ஃபேமிலி உட்காருகிற மாதிரி வேறு இடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் போனாராம். ரியாஸ் இதை மனம் உடைந்து சொன்னான். எனக்கு உடனே வழி தெரிந்துவிட்டது. எனக்கு எப்போதும் உடனே தெரிந்துவிடும், அதுதான் என் வியாதி.

பன்னிரண்டரைக்கு அவர்கள் வந்தார்கள். முன்னால் வந்தவள் முத்துலெட்சுமி, நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் துண்டு. போர்டைப் பார்த்து நின்றாள். பின்னால் வந்த ஐந்து பேரும் நின்றார்கள். ரியாஸ் அடுப்படிக்குள் போய்விட்டான். சபீனா குழந்தையைத் தூக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான்தான் வாசலுக்குப் போனேன். தன்மையாகத்தான் சொன்னேன்.

“ஏம்மா, இனிமே இங்க ஃபேமிலிங்க வருவாங்கம்மா. கொண்டு வந்த சோத்த வெளிய வெச்சுச் சாப்பிட்டுக்குங்க. கொழம்பு கேட்டாத் தரச் சொல்றேன்.”

முத்துலெட்சுமி என் முகத்தைப் பார்த்தாள். “சரிங்கம்மா,” என்றாள். ஆறு பேரும் ரோட்டைத் தாண்டி கொட்டகை ஓரத்துக்குப் போனார்கள். கூரை சின்னது. மழைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றபடி சாப்பிட்டார்கள். குழம்பு கேட்டு யாரும் வரவில்லை.

ஃபேமிலி வந்தது, வராமல் இல்லை. ஒரு கார், நான்கு பேர். நூடுல்ஸ் இருக்கிறதா என்றார்கள், பிள்ளைக்குக் காரம் இல்லாத மீன் இருக்கிறதா என்றார்கள், கழிப்பறையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். பாதிச் சோற்றை இலையில் வைத்துவிட்டு, ரொம்ப ஹோம்லியாக இருக்கிறது என்று போட்டோ எடுத்துக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் பாதிச் சோற்றை வைத்துவிட்டு எழுந்திருக்க விடுகிறார்கள்? அதன் பிறகு சாயங்காலம் வரை ஒரு வண்டியும் நிற்கவில்லை.

மூன்றாம் நாள் அந்த ஒரு காரும் இல்லை. மழை கொட்டியது. பன்னிரண்டரை ஆனது, ஒன்று ஆனது. கொட்டகையில் எடை போட்டுவிட்டு ஆறு பேரும் எங்கள் பக்கம் திரும்பாமல் ரோட்டோடு போனார்கள். குழம்பு சட்டியில் ஏடு கட்டிக் கிடந்தது. நாளைக்கு வருவார்கள் பார் என்று நான் சபீனாவிடம் சொன்னேன். அவள் அதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

“கடை தெறந்த முதல் வாரம் ஒரு ஆள் வரல பெரியம்மா. அவங்க ஆறு பேருதான் வந்தாங்க. புள்ள பொறந்தப்ப இவரு ஆஸ்பத்திரியில நின்னாரு, முத்துலெட்சுமி அக்காதான் கடையத் தெறந்து டீ போட்டாங்க. அவங்கள எதுக்கு வெளிய நிறுத்துனீங்க?”

பெரியவள் நல்லதுக்குத்தானே செய்தேன் என்று முதலில் அவள் மேல்தான் கோபம் வந்தது. வழியில் நான் பட்ட பாட்டைச் சொல்ல ஆரம்பித்தேன். மறையூர் ஓட்டல்காரன் என்னை நிற்க வைத்ததைச் சொன்னேன். நின்றுகொண்டு சாப்பிடச் சொன்னான் சபீனா, கை கழுவுகிற இடத்தில், என்று சொல்லும்போதே வாய் நின்றுவிட்டது. எதிரே கொட்டகைக் கூரை தெரிந்தது. அவன் என்னிடம் சொன்னதைத்தான் நான் இவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அவனாவது சுவரோரம் ஒரு பலகையைக் காட்டினான். எங்கள் ஊரில் பொம்பளைகளை உள்ளே கூட்டி வந்த போர்டு, இங்கே உள்ளே உட்கார்ந்திருந்த பொம்பளைகளை வெளியே அனுப்பிவிட்டது. அதைச் சுமந்து வந்தவள் நான். ஏணியைக் கேட்டு வாங்கி நானே ஏறிப் போர்டைக் கழற்றினேன். ரியாஸ் ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

குழம்பைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு அவர்கள் குடியிருக்கும் எஸ்டேட் லயத்துக்குப் போவது என்று கிளம்பினேன். மூடியோடு இருந்த பாத்திரம் அண்டா ஒன்றுதான். ஐம்பது பேருக்கு ஆக்கும் அண்டாவின் அடியில் ஆறு பேர் குழம்பு. ஜீப்பில் ஏற்கெனவே பதினான்கு பேர், நான் பதினைந்தாவது. குலுங்கின குலுக்கலில் குழம்பு அண்டாவின் மூடி வரைக்கும் ஏறி இறங்கியது. இங்கேயும் ஒரு ஆள் யார் வீட்டில் கல்யாணம் என்று கேட்டார். நான் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

முத்துலெட்சுமியின் வீடு லயத்து வரிசையில் ஏழாவது. முன்னறையில் ஒரு கட்டில், டிவி, சுவரில் காயப்போட்ட பிளாஸ்டிக் தாள். என்னைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. “வாங்கம்மா, காலக் கழுவிட்டு வாங்க, தண்ணி வாளியில இருக்கு,” என்றாள். எத்தனை பேர் என்று கேட்கவில்லை. தனியாகவா வந்தீர்கள் என்றும் கேட்கவில்லை. நான் வந்த விஷயத்தை ஆரம்பித்தேன், சாப்பிட்டுட்டுப் பேசுங்க என்று தட்டை வைத்துவிட்டாள். பக்கத்து வீட்டுக்காரிகள் இரண்டு பேர் வந்தார்கள், அவர்களும் அந்த ஆறு பேரில் சேர்ந்தவர்கள். என் அண்டாவைத் திறந்து அடியில் கிடந்த குழம்பைப் பார்த்து ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கருவாட்டை வறுத்து வைத்தார்கள். நன்றாக இருக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லை. தட்டு காலியாகக் காலியாக “இன்னுங் கொஞ்சம் வைக்கட்டா” என்றுதான் கேட்டார்கள். மூன்று தடவை வாங்கிக்கொண்டேன். மறையூரில் மூன்று தடவை எழுதி வைத்திருந்தது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

கை கழுவிய பிறகு சொன்னேன். போர்டைக் கழற்றிவிட்டேன், அது தப்பு, நாளைக்கு எல்லோரும் பழையபடி வந்து உட்கார வேண்டும், அந்தப் பிள்ளைகளின் கடையே உங்களால்தான் நிற்கிறது என்றேன். மன்னித்துக்கொள்ளுங்கள் என்ற வார்த்தையையும் சொன்னேன். அது என் வாயில் லேசில் வருகிற வார்த்தை இல்லை.

முத்துலெட்சுமி தட்டுகளை அடுக்கிக்கொண்டே சொன்னாள்.

“போர்டுக்கு நாங்க கோவிச்சுக்கலம்மா. ஊரெல்லாம் போர்டுதான். நீங்க வாசல்ல வந்து நின்னு உங்க வாயால சொன்னீங்கள்ல, அதுதான் தொண்டையில நிக்குது.”

ஜீப் ஏறும் இடம் வரைக்கும் குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தாள். அண்டாவைக் கழுவித் துடைத்துக் கொடுத்திருந்தாள்.

நான்காம் நாள் பன்னிரண்டரைக்கு ஐந்து பேர் வந்தார்கள். பழைய மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள், கொஞ்ச நேரத்தில் பழைய சத்தமும் வந்தது. ரியாஸ் அடுப்படியிலிருந்து வெளியே வந்து அவனே பரிமாறினான். ஐந்து பேரில் ஒருத்தி முத்துலெட்சுமியின் கிண்ணத்தைக் கொண்டு வந்து குழம்பு ஊற்றித் தரச் சொன்னாள். அந்த அக்காவுக்கு என்ன, உடம்பு சரியில்லையா என்று சபீனா கேட்டாள். கிண்ணம் கொண்டு வந்தவள் என்னைப் பார்த்தாள், பிறகு கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டு, “பெரியம்மா ஊருக்குப் போனப்புறம் வர்றேன்னு சொல்லச் சொன்னாங்க,” என்றாள்.

வீட்டுக்கு வந்தவளுக்கு முத்துலெட்சுமி சோறு போட்டாள், கருவாடு வறுத்தாள், குடை பிடித்தாள். நான் நிறுத்தி வைத்த வாசலுக்குள் நான் இருக்கும்போது வரமாட்டாள். எனக்கு அந்த இடத்திலேயே கோபம் வந்திருக்க வேண்டும். மறையூர் ஓட்டல் இன்னொரு தடவை என்னைக் கூப்பிட்டால் நான் போவேனா? மாட்டேன். அதனால் கோபம் வரவில்லை.

இன்னும் ஒரு வாரம் இருப்பதாகச் சொல்லித்தான் வந்திருந்தேன். மறுநாள் காலை பதினொரு மணி பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். ரியாஸ் ஓணத்தைப் பற்றியும் விசாவைப் பற்றியும் வாய் திறக்கவில்லை. பஸ் ஏற்றிவிடும்போது, மழை விட்டதும் அண்டாவில் பிரியாணி போட்டுப் பார்க்கிறேன், கொழுந்து எடுக்கிறவங்களுக்குப் பாதித் தட்டு, அவங்க சோத்தோட சேத்துச் சாப்பிடுற மாதிரி என்றான். அண்டாவை அங்கேயே விட்டுவிட்டேன். போர்டை மட்டும் சேலையில் சுற்றிக்கொண்டேன். கண்டக்டர் இது என்ன சாமான் என்று கேட்டார். பழைய தகரம் என்றேன். அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், நான் சண்டை போடவில்லை.

மலையிறக்கத்தில் ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டதால் பஸ் அசையாமல் கிடந்தது. அப்போது போன் அடித்தது. சபீனா. பின்னால் சத்தம், தட்டுச் சத்தம், சிரிப்பு.

“பெரியம்மா, முத்துலெட்சுமி அக்கா வந்துட்டாங்க. உக்காந்து சாப்பிடுறாங்க. நீங்க நல்லபடியா ஊரு போய்ச் சேந்தீங்களான்னு கேக்குறாங்க.”

பஸ் அப்போது மறையூரைக்கூட எட்டவில்லை.

“போய்ச் சேந்துட்டேன்னு சொல்லு,” என்றேன்.